கம்பத்துக்கு ஒரு தோள்

மகுடேஸ்வரன் செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டுக் கம்பெனிக்குள் வந்தார். அதைப் பார்த்ததுமே சுப்பாத்தாளுக்கு இது நல்லதற்கு இல்லை என்று பட்டுவிட்டது.

அது ஒன்றும் கோயில் இல்லை. ஒரு காலத்தில் கோழிப்பண்ணை. கோழி நொடித்துப்போன பிறகு கம்பிவலையை எடுத்துவிட்டுச் சுவர் வைத்து, தையல் மிஷின்களை வரிசையாகப் போட்டு, ஜாப் ஒர்க் எடுத்துப் பனியன் தைக்கிற கொட்டகை ஆகியிருந்தது. பங்குனி வெயிலில் மேலே தகரம் படபடவென்று நெளியும். சுப்பாத்தாளின் புருஷன் கட்டியது. புருஷன் போன பிறகு அவள்தான் நடத்துகிறாள். அண்ணன் கட்டிய கொட்டகை என்ற உரிமையில் கொழுந்தனார் மகுடேஸ்வரன் இத்தனை காலமும் செருப்புக் காலோடுதான் வருவார், போவார், வெட்டி அடுக்கிய துணிமேல் காலை வைத்துக்கொண்டே கணக்குக் கேட்பார். இன்றைக்கு வெறுங்காலோடு, கீழே கிடந்த வெட்டுத் துணிகளை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி, கட்டிங் டேபிள் வரைக்கும் நடந்து போனார்.

"மாஸ்டருங்க, வேலையா இருக்கறீங்களாட்ட இருக்குது. தொந்தரவு பண்றனுங்களா?"

கட்டிங் மாஸ்டர் ராக்கையா மிஷினை நிறுத்தினார். அவருக்குச் சொந்த ஊர் திருச்சுழிப் பக்கம். தலை பாதி நரைத்த, அதிர்ந்து பேசாத மனுஷர்.

"ஐயையோ, வாங்க வாங்க. என்ன இப்புடிக் கேக்குறீக?"

"நாளைக்குப் பொழுதோட கம்பம் எடுக்கறமுங்க. கெணத்துல விடறதுக்குத் தூக்கிட்டுப் போகோணுமல்லங்க? அதுக்கு நீங்க ஒரு தோள் குடுக்கோணும். ஊர்ல பேசி முடிவு பண்ணியாச்சுங்க."

"நானா?"

"நீங்கதானுங்க. இத்தனை வருசம் எங்ககூட இருக்கறீங்க. உங்களை வெளியாளுன்னு நெனைக்க முடியுங்களா?"

ராக்கையாவின் கண் கலங்கிவிட்டது. துணித் தூசி ஒட்டியிருந்த கைகள் இரண்டையும் சேர்த்துக் கும்பிட்டார். "என் பாக்கியம்ங்க" என்றார்.

மகுடேஸ்வரன் சுப்பாத்தாள் பக்கம் திரும்பினார். "நங்கை, உங்களுக்குச் சம்மதந்தானுங்களே?"

அண்ணன் பெண்டாட்டியை நங்கை என்று கூப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். சம்மதம் கேட்பது மகுடேஸ்வரனின் வழக்கம் இல்லை.

"ஊரு முடிவு பண்ணுனதுக்கு நான் என்னுங்க சொல்றது" என்றாள் அவள்.

கொடுத்த டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். டம்ளரைக் குழாயடியில் தானே கழுவிக் கவிழ்த்தார். "வரட்டுங்களா" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். ஓவர்லாக் மிஷினில் இருந்த செல்லத்தாய் பக்கத்து மிஷின்காரியிடம், "எம்புட்டுத் தங்கமான மனுசரு, பாத்தியா?" என்று சொன்னது சுப்பாத்தாளின் காதில் விழுந்தது. செல்லத்தாயும் தெற்கத்திக்காரிதான். அப்படித்தான் சொல்வாள்.

காங்கேயத்திலிருந்து வாக்கப்பட்டு இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து சுப்பாத்தாள் மாரியாத்தா நோம்பியை, அந்த ஊர்த் திருவிழாவை, பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூன்று கிளை பிரிகிற பால்மரமாகத் தேடி வெட்டி, மஞ்சள் பூசி, கோயில் வாசலில் நடுவார்கள். அதுதான் கம்பம். நோம்பி முடிகிறவரைக்கும் அதுதான் ஆத்தாளுக்குப் புருஷன். காலையில் புருஷன் உள்ள கட்டுக்கழுத்திகள் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார்கள்; பொழுது சாய்ந்தால் ஆண்கள் சுற்றி நின்று ஆடுவார்கள். கம்பம் நட்ட பிறகு ஊரில் யாரும் குழம்பு தாளிக்கக் கூடாது. எல்லை தாண்டிப் போய் வெளியில் படுக்கக் கூடாது. கடைசி நாள் கம்பத்தைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு போய்க் கோயில் கிணற்றில் போட்டுவிடுவார்கள். ஆத்தாளுக்கு வெள்ளைச் சீலை சாத்துவார்கள். மறுவருஷம் மறுபடி புதுக் கம்பம்.

அந்தக் கம்பத்தைத் தொடுவதற்கு ஊரிலேயே சில குடும்பங்களுக்குத்தான் உரிமை. பங்காளி வீட்டு மாப்பிள்ளையைக்கூடப் பக்கத்தில் விட்டதில்லை. வேற்றூர்க்காரர், அதிலும் வேறு சாதிக்காரர், கம்பத்துக்குத் தோள் கொடுத்ததாக அவள் கேள்விப்பட்டதே கிடையாது. கிணற்று மேடு வரைக்கும் அவரை எதற்குக் கூப்பிடுகிறார்கள்?

போன வருஷம் இதே நோம்பியில் அவளும் ராக்கையாவும் ஒரு வேடிக்கை பேசிச் சிரித்திருந்தார்கள். "ஆத்தாளுக்கு வருசா வருசம் கண்ணாலம் பண்றாங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கறதில்லை. எனக்குன்னாத்தான் ஊரே நாக்குமேல பல்லப் போட்டுப் பேசும்" என்று அவள் சொல்ல, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார் அவர். கல்யாணத்தை நினைத்துச் சிரித்தார்களே ஒழிய, கிணற்றை இரண்டு பேருமே நினைக்கவில்லை.

அவர்கள் பழக்கம் ஒன்றும் ஓடிப்பிடித்து விளையாடுகிற வயசில் வந்த பழக்கம் இல்லை. ராக்கையா வேலைக்குச் சேர்ந்த புதிதில் சண்டைதான். வந்த துணி ரோலை உடனே வெட்டச் சொல்லி அவள் பறப்பாள். "இறுக்கிச் சுத்துன துணி ஓனரம்மா. விரிச்சுப் போட்டு ஒரு நா ஆறட்டும். இழுத்த இழுப்புலயே வெட்டுனா தொவைச்சதும் சுருங்கிப்போகும்" என்று அவர் நகர மாட்டார். அதற்குப் பிறகு கொரோனா வந்தது. அவர் பெண்டாட்டியை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோனார்கள். வெளியே பொட்டலமாகத்தான் கொடுத்தார்கள். கம்பெனி பூட்டிக் கிடந்த அந்த நாட்களில் சுப்பாத்தாள், அங்கேயே வந்து கிடந்த அவருக்குத் தினமும் ரசஞ்சோறு கொண்டுபோய்க் கட்டிங் டேபிளின் இந்தப் பக்கம் உட்காருவாள். அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடுவார். அவள் ஆறுதல் ஒன்றும் சொன்னதில்லை. தனக்கு ஆறுதல் சொன்னவர்கள்மேல் வந்த எரிச்சல் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

அப்படியே ஆறி ஆறி வந்த பிரியம். அவள் முழங்காலுக்கு அவர் தைலம் வாங்கி வருவார்; அவர் கண்ணாடி உடைந்தால் அவளுக்குத்தான் முதலில் தெரியும். இரண்டு பேரும் பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. மிச்சமிருக்கிற காலத்தை ஒரே வீட்டில் கழித்தால் என்ன என்று கேட்டவள் அவள்தான். ஏதாவது ஒரு கோயிலில் மாலை மாற்றி ரிஜிஸ்டர் பண்ணிக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருந்தார்கள். அதற்குள் நோம்பி தொடங்குகிற பூச்சாட்டு வந்துவிட்டது. நோம்பி முடியட்டும் என்றாள். அவரும் தாளிக்காத சாம்பாரை முகம் சுளிக்காமல் தின்றுகொண்டு காத்திருந்தார்.

மத்தியானம் தையல்காரிகள் சோற்று வாளிகளோடு வேப்பமரத்தடிக்குப் போனதும் ராக்கையா சிரித்த முகமாக வந்து டேபிளின் அந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

"பாத்தீகளா ஓனரம்மா? நீங்கதேன் பயந்து பயந்து செத்துக்கிட்டுக் கெடந்தீக."

"எதைங்க பாக்கறது?"

"உங்க கொழுந்தனாரத்தேன். கம்பத்தையே நம்மளத் தூக்கச் சொல்லிட்டாக. நான் சொன்னப்பவே அவுக மனசு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

சுப்பாத்தாள் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தாள். "நீங்க என்னுங்க சொன்னீங்க?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "பூச்சாட்டுக்கு முந்தி ஒருநா டீக்கடையில வச்சு அவுகளாத்தேன் கேட்டாக. வயசாகுது, இனிமே என்ன செய்யப் போறீகன்னு. நானும் மறைக்கல. ஒரு வீட்டுப் பொம்பளையக் கட்டணும்னா அந்த வீட்டு ஆம்பளைககிட்ட மொகத்துக்கு நேரா ஒரு வார்த்தை கேக்கணும்ல? திருட்டுத்தனமாக் கட்டுறது எனக்குப் பிடிக்கல. கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாருங்க?"

"ரொம்பச் சந்தோசமுங்கன்னாக. எந்திரிச்சு நின்னு கையப் பிடிச்சுக்கிட்டாக. டீக்குக் காசு குடுக்க விடல."

அவள் டேபிளின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் கேட்டதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. அவர் ஊரில் அதுதான் மானமுள்ள மனுஷன் செய்கிற காரியம். நினைக்க நினைக்க அவளுக்கு அழுகைதான் வந்தது.

"மாஸ்டர், உங்கூர்ல ஒருத்தருக்குக் கோவம் வந்தா என்ன பண்ணுவாங்க?"

"என்ன பண்ணுவாக? வைவாக. தெருவுல நின்னு கத்துவாக. அருவாளத் தூக்கிட்டு வாரவனும் இருக்கான். எதுன்னாலும் வெளியில தெரிஞ்சுபோகும்."

"இங்க அப்படி இல்லீங்க. இங்க கோவம் வந்தா மரியாதை கூடுமுங்க."

ராக்கையா சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"நீங்க இங்க வர்றதுக்கு முந்தி, சாமளாபுரத்துல தறி ஓட்ட ஒரு பையன் வந்தானுங்க. முனீஸுன்னு பேரு. உங்க பக்கத்துப் பையன்தான். எங்க பங்காளி ஊட்டுப் புள்ளகூடப் பேசிப் பழகிப்போட்டான். எங்க கொழுந்தனாரு அவனை எங்க ஊட்டுக்கே கூட்டியாந்து, 'உக்காருங்க தம்பி, வெயில்ல வந்திருக்கறீங்க தம்பி'ன்னு சேரு போட்டுக் குடுத்தாரு. நாந்தான் மோர் கொண்டாந்து குடுத்தேன். அந்தப் பையன் பூரிச்சுப்போயிட்டான். கம்பத்தாட்டம் பாக்க வாங்க தம்பின்னாரு. வந்தான்."

"அப்புறம்?"

"கம்பத்தைக் கெணத்துல விட்ட மக்யா நாளு விடியறப்ப அவனும் அதுக்குள்ளதான் கெடந்தான். குடிச்சுட்டு விழுந்துட்டான்னாங்க. ஊரே அப்படித்தான் சொல்லுச்சு. போலீஸ்காரங்க எங்கிட்டக் கேட்டாங்க. நானும் அதையேதானுங்க சொன்னேன்."

வெளியே வேப்பமரத்தடியில் யாரோ செல்போனில் பாட்டு வைத்திருந்தார்கள். தகரம் நெளிகிற சத்தம் மேலே விட்டு விட்டுக் கேட்டது. ராக்கையா வெகுநேரம் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் கும்பிட்ட கைகள்.

"இன்னிக்கே கெளம்பிருங்க" என்றாள் அவள். "மூணு மணி பஸ் இருக்குது. திருப்பூர் போனீங்கன்னா ஊருக்கு வண்டி இருக்கும்."

"நீங்க?"

"எனக்கென்னுங்க? நான் இருந்துக்கறேன். சொந்த ஊடு, சொந்த சனம்."

"அப்ப உசுரு எனக்கு, ஊரு உங்களுக்கு. நல்லாப் பங்கு பிரிச்சுட்டீக."

"வெளையாட்டுப் பேச்சில்லீங்க இது! உங்களைக் கெணத்துல பாக்கறதுக்குப் பதிலா, எங்கியோ நல்லா இருக்கறீங்கன்னு நெனைச்சுட்டுக் கெடந்துக்குவேன்."

அவர் எழுந்து டேபிளைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். அத்தனை வருஷத்தில் கம்பெனிக்குள் அவர் அந்த டேபிளைத் தாண்டி அவள் பக்கம் வந்து உட்கார்ந்தது கிடையாது. அவள் வாசலைப் பார்த்தாள். அவர் பார்க்கவில்லை.

"என் வீட்டுக்காரிய ஆஸ்பத்திரி வாசல்ல விட்டுட்டு வீட்டுக்குப் போங்கன்னாக. போனேன். அதுக்கப்புறம் நான் பட்டது உங்களுக்குத் தெரியும். இன்னொருக்கா அப்படிப் போக மாட்டேன் ஓனரம்மா. உங்களக் கேக்காம நான் அவுககிட்டச் சொன்னது தப்பு. பெரிய தப்பு. ஒத்துக்கிறேன். ஆனா என்னையக் கேக்காம நீங்க என்னைய அனுப்புறதும் தப்புத்தேன். ரெண்டு பேரும் சேந்து முடிவெடுக்கலன்னா அப்புறம் நமக்கு எதுக்குக் கல்யாணம்?"

சுப்பாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவள் புருஷன் கெட்டவர் இல்லை. ஆனால் இப்படி ஒரு கேள்வியை அவளிடம் கேட்டதில்லை. அவளும் யாரிடமும் கேட்டதில்லை. பயம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் இப்போது அதைப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆளும் இருந்தார்.

"அந்தப் பையன் விசயத்துல நான் ஒண்ணு யோசிச்சுப் பாத்தேனுங்க" என்றாள் மெதுவாக. "எல்லாத்துக்கும் தெரியும். ஆனா யாரும் வாய் விட்டுச் சொல்லலை. அதனாலதான் எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எல்லாரும் சொல்ல முடிஞ்சுது. நாம சொல்லிப்போடலாமுங்க. நாளைக்குக் காலையில, கம்பத்துக்கு முன்னால, அத்தனை சனத்துக்கும் கேக்கற மாதிரி. சொல்லிட்டு வெளிச்சத்துலயே கெளம்பிரலாம்."

"கம்பம் எடுக்குற முன்னாடி எல்லை தாண்டப்படாதும்பீகளே?"

"ஆத்தா கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். அவளும் பொம்பளதான்."

திருப்பூரில் செல்லத்தாய் குடியிருக்கும், வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் ஒரு ரூம் காலியாக இருந்தது. சாயங்காலமே அதைப் பேசி வைத்தார்கள். சுப்பாத்தாள் மகள் நித்யஸ்ரீக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். காங்கேயத்தில் மாப்பிள்ளையின் எண்ணெய் மில்லில் இருந்த மகள் சத்தத்தை விட்டு வெளியே வந்து கேட்டுக்கொண்டாள். பிறகு, "அங்க போயி எங்கம்மா தங்குவீங்க?" என்று மட்டும் கேட்டாள். இனி ஒளிப்பதில்லை என்று முடிவெடுத்திருந்த சுப்பாத்தாள் லைன் வீடு இருக்கிற தெருவைக்கூடச் சொன்னாள்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறுவதற்குள் கோயில் வாசல் நிறைந்துவிட்டது. மஞ்சள் தண்ணீர்க் குடங்களோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். கம்பத்தின் மூன்று கிளைகளிலும் வேப்பிலை வாடித் தொங்கியது. கோயிலுக்குப் பின்னால் கிணற்று மேட்டில் இரண்டு பேர் சாயங்காலத்துக்காக முள்ளை வெட்டிப் பாதை சரிபண்ணிக்கொண்டிருந்தார்கள்.

சுப்பாத்தாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக நடந்தாள். தாலி இல்லாதவள் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை. வரிசை தானாகவே விலகியது. "ஏ, சுப்பாத்தா, என்ன பண்ற?" என்று ஒரு கிழவி முனகினாள். அவள் குடத்தைச் சரித்தாள். மஞ்சள் தண்ணீர் கம்பத்தில் வழிந்து அவள் காலடியில் தேங்கியது.

"எல்லாரும் கேட்டுக்குங்க" என்றாள். "எங்க கம்பெனி மாஸ்டர் ராக்கையாவ நான் கட்டிக்கப்போறேனுங்க. யாரும் என்னைய மயக்கலை. நானாத்தான் கேட்டேன். இப்பத் திருப்பூருக்குப் போறோம். அவருக்கு ஒண்ணுன்னா, கால் தவறி விழுந்தாருன்னு யாரும் சொல்லக் கூடாது. முனீஸுக்கு அப்படிச் சொன்னோம். நானும் சொன்னேன். இனிமே சொல்ல மாட்டேன்."

குடத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம்தான் கேட்டது. மகுடேஸ்வரன் கோயில் படியிலிருந்து இறங்கி வந்தார். துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"நல்ல காரியந்தானுங்களே நங்கை. இதுக்கு எதுக்குங்க இத்தனை சத்தம்? கம்பம் எடுத்த பொறவு உக்காந்து பேசிக்கலாமுங்க. மாஸ்டரும் தோள் குடுக்கறேன்னு வாக்குக் குடுத்திருக்கறாரு."

டீக்கடைப் பக்கமிருந்து ராக்கையா பையோடு வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றார். "வாக்குக் குடுத்தது என் தப்புங்க. வெவரம் தெரியாமக் குடுத்துட்டேன். மன்னிச்சுக்கங்க."

"மன்னிப்பெல்லாம் எதுக்குங்க மாஸ்டர்" என்றார் மகுடேஸ்வரன். சிரித்தார். கண்ணும் சேர்ந்துதான் சிரித்தது.

யாராவது ஒருத்தர் கத்தியிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால், சுப்பாத்தாளுக்குத் தைரியம் வந்திருக்கும். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. "பாத்துப் போங்க கண்ணு" என்று யாரோ சொன்னார்கள். பேருந்து வளைவில் திரும்பியபோது மகுடேஸ்வரனே சாலைக்கு வந்து கைகாட்டி நிறுத்தினார். ராக்கையாவின் பையை வாங்கி மேலே கொடுத்தார். "படி ஒசரமுங்க. பாத்து ஏறுங்க" என்றார்.

பேருந்தில் பனியன் கம்பெனிக்குப் போகிற கூட்டம். டிபன் பைகள், காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தூங்குகிற வடக்கத்திப் பையன்கள். இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் இடம் கிடைத்தது. ஊர் எல்லைக் கல் ஜன்னலில் வந்து போயிற்று. சுப்பாத்தாள் கண்ணை மூடி ஆத்தாளைக் கும்பிட்டாள். ஈரமான சீலைத் தலைப்பைப் பிழிந்துவிட்டாள். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

போன் அடித்தது. நித்யஸ்ரீ.

"அம்மா, நான் என்னமோன்னு பயந்துட்டிருந்தேன். சித்தப்பா இப்பத்தான் கூப்பிட்டாரு. ஒரு வார்த்தை கோவமாப் பேசலீங்கம்மா. அம்மாவும் மாஸ்டரும் தனியாப் போறாங்க, நாமளே போயி நல்லபடியாக் குடிவெச்சுட்டு வந்தர்லாம், எந்தத் தெருன்னு சொல்லு சாமின்னு அத்தனை மரியாதையாக் கேட்டாரு."

"நீ என்ன கண்ணு சொன்ன?"

"தெருவச் சொன்னேன். ஏம்மா? ... அம்மா? இருக்கறீங்களா?"

முன்பென்றால் சுப்பாத்தாள் போனை மடியில் வைத்துவிட்டு, "ஒண்ணுமில்லீங்க, புள்ள சும்மாத்தான் கூப்பிட்டா" என்று சொல்லியிருப்பாள். இப்போது கேட்டதை அப்படியே ராக்கையாவிடம் சொன்னாள். அத்தனை மரியாதையாகக் கேட்டாராம் என்பதையும் சொன்னாள். நேற்றைக்குக் கும்பிட்ட மனுஷருக்கு இன்றைக்கு அந்தச் சொல் விளங்கிவிட்டது. இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள்.

பேருந்துக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கார் வந்துகொண்டிருந்தது. சாலை காலியாகத்தான் இருந்தது. முந்தவில்லை. ஹாரன் அடிக்கவில்லை. பேருந்து நின்றால் தள்ளி நின்றது; கிளம்பினால் கிளம்பியது.

"லைன் வீடு வேணாம்" என்றார் ராக்கையா. "போலீஸ் ஸ்டேஷன் வாசல்லயே எறங்கிருவோம். அது வரைக்கும் எங்கயும் நிறுத்தாமப் போனாத் தேவல."

"நிறுத்தாமப் போகோணும்னா கேக்கத்தான வேணும்" என்றாள் அவள்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டே எழுந்து நின்றாள். ஒரு பேருந்து நிறைய ஆட்கள் பார்க்க ஒரு ஆணின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றது அதுதான் முதல் தடவை. முழங்கால் வலித்தது. அவர் இன்னொரு கையால் தாங்கிக்கொண்டார்.

"ஏனுங்க கண்டக்டர், எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. நாங்க ரெண்டு பேரும் கண்ணாலம் பண்ணிக்கப் போறோமுங்க. அது பிடிக்காதவங்க பின்னால கார்ல வர்றாங்க. இவரைக் கொன்னுபோடுவாங்க. பஸ்ஸ எங்கியும் நிறுத்தாமப் போலீஸ் ஸ்டேஷனுக்கு விடச் சொல்லுங்க."

டிபன் பைகளின் சத்தம் நின்றது. வடக்கத்திப் பையன் ஒருவன் காதிலிருந்து ஒயரைக் கழற்றினான். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் குனிந்து பின்கண்ணாடி வழியாகக் காரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். ராக்கையாவைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார்.

"உக்காருங்க அம்மிணி, உக்காருங்க" என்றார். "நீங்க எந்தூருங்க? யாரு ஊடுங்க?"

ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்.

சுப்பாத்தாள் உட்காரவில்லை. ஊர்ப் பெயரைச் சொன்னாள். வீட்டுப் பெயரைச் சொன்னாள். பிடித்த கையை விடாமல், பக்கத்தில் நிற்கிறவரின் பெயரையும் பேருந்து முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.